பதினேழாம் எண் மூடி

அவளுக்கு முன்னால் இன்னும் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேர் கையிலும் ஒரு வெள்ளை டப்பா, ஒரு நோட்டு. ஏழு பேரில் ஒருத்திக்குக்கூட மூக்கு ஒழுகவில்லை என்பதைச் செண்பகவல்லி ஒவ்வொரு முகமாகப் பார்த்து உறுதி செய்துகொண்டாள், பார்த்து முடிப்பதற்குள் அவளுக்கே ஒரு தும்மல் வந்தது, கைக்குட்டைக்குள் அமுக்கினாள், அது காது வழியாகப் போனது. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெர்லின் ஷைனி, ஒன்றரை வருஷமாக ஒரே அறையில் கூட இருப்பவள், முதுகில் மெதுவாகத் தட்டிக்கொடுத்தாள். தட்டாதே என்று சொல்ல வேண்டும் போலிருந்தது, ஆனால் தட்டிக்கொடுக்கிறவளை என்ன காரணம் சொல்லித் தடுப்பது, உன் கை இதமாக இருக்கிறது, உன் மூக்கு காய்ந்து கிடக்கிறது, இந்த மழைக்காலம் முழுக்க உனக்கு ஒன்றும் வரவில்லை, அதனால் தட்டாதே என்றா. சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி, ஊட்டச்சத்தியல் துறையின் நடையில் சாரல் பாதித் தரைவரை நனைத்திருந்தது, நடையின் கோடியில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் கிளாட்சன். தினம் ஒரு வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் சளி, இருமல், தொண்டைக்கட்டு வராமல் தடுக்குமா என்பதுதான் கிளாட்சனின் ஆராய்ச்சி. விடுதி மாணவிகள் அறுபத்து நாலு பேர், பன்னிரண்டு வாரம், பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் அதே உருவத்தில் உள்ளே ஒன்றும் இல்லாத டம்மி. யாருக்கு எது என்று விழுங்குகிறவளுக்கும் தெரியாது, கொடுக்கிற கிளாட்சனுக்கும் தெரியாது. புள்ளியியல் பேராசிரியர் குலுக்கிப் போட்ட பட்டியல் அரக்கு வைத்த உறைக்குள் துறைத் தலைவரின் பீரோவில் கிடக்கிறது. இதெல்லாம் செண்பகவல்லிக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு, பத்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதியிருக்கிறாள். அப்படி எழுதியவள்தான் ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெர்லின் சர்ச்சுக்குப் போயிருந்தபோது, இரண்டு டப்பாக்களின் மூடிகளையும் மாற்றித் திருகி வைத்தாள். அதை இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று காலையில் பல் தேய்க்கும்போது முடிவு செய்திருந்தாள், பெஞ்சில் உட்கார்ந்ததும் அந்த முடிவு பாதியாகக் குறைந்துவிட்டது. சொல்ல வேண்டுமா, வேண்டாமா. ஏழு பேர் எழுந்து போகிற நேரம்தான் மிச்சம்.

ஆறு பேர் ஆயிற்று. எல்லோரும் ஓர் இடம் நகர்ந்தார்கள். மேசையில் கிளாட்சன் ஒருத்தியின் டப்பாவைத் தட்டில் கவிழ்த்து, மிச்ச மாத்திரைகளை ஸ்கேலின் விளிம்பால் ஐந்து ஐந்தாக ஒதுக்கிக்கொண்டிருந்தான், கை படவே படாது, அவன் அப்படி ஒதுக்குவதைப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்கும், பிடிக்கிறது என்பதே எரிச்சலாக இருக்கும். துறையில் ஆராய்ச்சி மாணவர்களை எல்லாப் பெண்களும் அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும், எங்கேயும் எழுதி வைக்காத சட்டம், சேர்ந்த முதல் நாளே யாராவது ஒரு சீனியர் காதில் போட்டுவிடுவாள். செண்பகவல்லி மட்டும் ஒன்றரை வருஷமாக அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் தப்பித்து வருகிறாள், ‘இங்க பாருங்க’, ‘ஒரு நிமிஷம்’, ‘ஒரு சந்தேகம்’ என்று எதையாவது முன்னால் போட்டு வாக்கியத்தை ஓட்டிவிடுகிறாள், அதற்கென்று தனியாக ஒரு மூளை வேலை செய்கிறது. மெர்லினுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, அண்ணே, அண்ணே என்று நடையின் இந்தக் கோடியிலிருந்தே கூப்பிடுவாள். அண்ணன் என்கிறவளைப் பார்த்து என்னடி பொறாமை என்று அறிவு கேட்கத்தான் செய்கிறது, கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விடுகிறது. அவன் அவளை மக்ளே என்கிறான். மெர்லினுக்கு ஊர் மார்த்தாண்டம், அவனுக்குக் கருங்கல், இரண்டும் குமரி மாவட்டம், அந்தப் பக்கத்தில் மீன் விற்கிறவளிலிருந்து காலேஜ் வாத்தியார் வரைக்கும் எல்லோரும் எல்லோரையும் மக்ளே என்றுதான் சொல்வார்களாம், மெர்லினே விளக்கியிருக்கிறாள், அதில் ஒன்றும் இல்லையாம். ஒன்றும் இல்லாததை எனக்கும் சொல்லலாமே. எனக்கு மட்டும் செண்பகவல்லி, முழுப்பெயர், வருகைப்பதிவு எடுக்கிற மாதிரி. கோவில்பட்டிக்காரிக்கு மக்ளே கிடையாதா. அவர்கள் இரண்டு பேரும் பேசத் தொடங்கினால் சொற்களின் வாலெல்லாம் வேறு மாதிரி நறுக்கப்பட்டு விழும், அவளுக்குப் புரியாமல் இல்லை, எல்லாம் புரியும், புரிந்துகொண்டே வெளியே நிற்பதுதான் இருக்கிறதே, புரியாமல் நிற்பதைவிட அது மோசம். 

ஐந்து. இந்தப் பெஞ்சு இத்தனை சில்லென்று இருக்கிறது, பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் எப்படிச் சில்லிடவில்லை. மெர்லின் காலை ஐந்தரைக்குப் பச்சைத் தண்ணீரில் தலைக்கு ஊற்றுவாள், ஈரத் தலையோடு மொட்டை மாடியில் நின்று படிப்பாள், ராத்திரி படுத்தால் ஒரே மூச்சு, சீராக, சளி கட்டாத மூக்கின் வழியாக உள்ளே போய் வெளியே வரும் அந்தச் சத்தத்தைச் செண்பகவல்லி எத்தனை நாள் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு கேட்டிருக்கிறாள். போன வருஷக் கருத்தரங்கில் நாற்பது நிமிஷம் நின்று பேசியவள் யார், நான்தானே. வைட்டமின் சி தினமும் விழுங்கினாலும் சாதாரண ஆட்களுக்குச் சளி வருவது குறைவதில்லை, வந்த சளி வேண்டுமானால் அரை நாள் முன்னால் கிளம்பும், அவ்வளவுதான். நிஜமாகவே சத்துக்குறைபாடு உள்ளவர்களுக்குக் கொடுப்பது வேறு பேச்சு, நன்றாகச் சாப்பிடுகிறவர்கள் கடையில் வாங்கி விழுங்குவது மனசுக்குச் சாப்பிடுகிற மாத்திரை. யார் வாங்குகிறார்கள் பாருங்கள், ஏற்கெனவே தன்னைப் பார்த்துக்கொள்கிறவள்தான் வாங்குகிறாள், அவள் நேரத்துக்குத் தூங்குவாள், பழம் தின்பாள், கை கழுவுவாள், கடைசியில் பேர் மட்டும் மாத்திரைக்குப் போகும். இப்படி ஒவ்வொன்றாக அடித்து நொறுக்கி, கேள்வி உண்டா என்று நிமிர்ந்தபோது மெர்லின்தான் கையைத் தூக்கினாள். எங்க அம்மை சின்னதில இருந்தே எனக்கு மீனெண்ணெய் தந்திருக்கு, எனக்கு ஒண்ணும் வந்ததில்ல, அதுக்கு என்ன சொல்லுத என்றாள். ஒரு ஆளை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று செண்பகவல்லி சொன்னது சரியான பதில், அதற்கு மேல் சரியான பதில் உலகத்தில் கிடையாது, ஆனால் வகுப்பு மொத்தமும் மெர்லின் கேட்டதற்குத்தான் சிரித்தது, பின்வரிசையில் கிளாட்சனும் சிரித்தான், குனிந்து, தோள் குலுங்க. வாதத்தில் ஜெயித்தவளுக்கு மதிப்பெண். சிரிப்பு இன்னொருத்திக்கு. அன்றைக்குத் தொடங்கியதா இது, இல்லை, அதற்கு முன்னாலேயே எங்கேயோ. ஆராய்ச்சியில் சேரும்போதுகூட டம்மியோ நிஜமோ எது வந்தால் என்ன, இரண்டும் ஒன்றுதான் என்று எல்லோரிடமும் சவடாலாகச் சொல்லிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டாள். நாலாவது வாரம் அவளுக்குச் சளி பிடித்தது. மெர்லினுக்கு இல்லை. அந்தச் சனிக்கிழமை மெர்லினின் நோட்டில் வரிசையாகச் சுழியம் போட்டுவிட்டுக் கிளாட்சன், ‘நீதான் என் தீசிசைக் காப்பாத்தப் போற, மக்ளே’ என்றான். வேறெதுவும் இல்லை, அந்த ஒரு வரி. அது செண்பகவல்லிக்குள் போய் எங்கேயோ மாட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. அப்படியானால் மெர்லினுக்கு நிஜ மாத்திரை. அப்படியானால் இவனுக்குத் தெரியும். உறை பீரோவில் இருக்கிறது, பீரோ பூட்டியிருக்கிறது, சாவி துறைத் தலைவரின் இடுப்பில் இருக்கிறது, எல்லாம் சரி, குலுக்கிப் போட்ட பேராசிரியருக்குக் கண் தெரியாதா, மார்த்தாண்டத்துக்காரிக்கு ஒரு கை கூடப் போட்டிருக்க மாட்டாரா. இப்படியெல்லாம் வேறு யாராவது சொல்லியிருந்தால் செண்பகவல்லி அங்கேயே நிறுத்தி வைத்துக் கிழித்திருப்பாள். தனக்குள்ளே சொல்லிக்கொண்டதால் கிழிக்க ஆளில்லை.

அந்த ஞாயிறு அறையில் நல்ல வெயில் இருந்தது. மெர்லினின் டப்பா ஜன்னல் ஓரத்தில், செண்பகவல்லியின் டப்பா மேசையில். ஒட்டிய சீட்டெல்லாம் மழை ஈரத்தில் உரிந்து விழுந்ததால் கிளாட்சன் எல்லா டப்பாக்களுக்கும் மூடி மேல் மார்க்கரால் எண் எழுதிக் கொடுத்திருந்தான், அவளுக்குப் பதினேழு, மெர்லினுக்கு நாற்பத்து மூன்று, டப்பாவின் உடம்பில் எதுவுமே கிடையாது. ஆராய்ச்சி செய்கிறவன் மூடியில் எண் எழுதலாமா, அது அவன் தப்பு, இன்றைக்கும் அதை அவள் அவன் தப்பாகத்தான் வைத்திருக்கிறாள். நாற்பத்து மூன்றைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்தாள். புளித்தது. நாக்கின் இரண்டு ஓரமும் கூசும்படி புளித்தது. ஆகா என்று தோன்றியது, கண்டுபிடித்த சந்தோஷமும் ஏமாற்றப்பட்ட ஆத்திரமும் ஒன்றாக ஏறியது, நாலு வாரமாக நான் தண்ணீரோடு விழுங்கிய மாத்திரை ஒரு நாளும் புளித்ததில்லையே. கடித்ததை அன்றைய கணக்குக்குத் தன்னுடையதாக வைத்துக்கொண்டாள், பதினேழாம் மூடியை அந்த டப்பாவுக்கும் நாற்பத்து மூன்றைத் தன் டப்பாவுக்கும் திருகினாள், இடத்தை மாற்றி வைத்தாள், இருபது நொடிகூட ஆகியிருக்காது. மதியம் மெர்லின் வந்து, சாப்பிட்டு, ஜன்னல் ஓரம் போய் ஒன்றை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள், தொண்டை ஏறி இறங்கியது, அதைப் பார்த்தபோது செண்பகவல்லிக்கு என்ன இருந்தது, வெட்கமா, இல்லை, வெட்கம் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது ஒரு நிம்மதி, இனி உனக்கும் மூக்கு ஒழுகும் என்கிற நிம்மதி. அதை அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள். ஆனால் மெர்லினுக்கு ஒழுகவில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி செண்பகவல்லிக்குத்தான் தொண்டை கட்டியது, இப்போது மூன்றாவது தடவை. டம்மியைத் தின்றாலும் மெர்லினுக்கு ஒன்றும் இல்லை, நிஜத்தைத் தின்றாலும் எனக்கு எல்லாம் வருகிறது, கருத்தரங்கில் நான் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி, அதுவும் ஒரே ஒரு ஆளை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதையும் நான்தான் சொன்னேன், ஆக எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் சரி, சரியாக இருப்பதில் இத்தனை துக்கம் எங்கிருந்து வருகிறது. மாத்திரை மேல் இருந்த பொறாமையை மாற்றித் திருக முடிந்தது. அவள் மூச்சு, அவள் தூக்கம், அவள் ஈரத்தலை, அவளுக்குக் கிடைக்கிற சிரிப்பு, இதற்கெல்லாம் எந்த மூடியைத் திருகுவது.

மூன்று பேர். எப்போது மூன்றானது. எதிர்ச்சுவரில் நாலு மூலையும் பசை தடவி ஒரு தாள் ஒட்டியிருந்தது, ‘நோட்டை இப்படி நிரப்பவும்’ என்று மேலே தலைப்பு, கீழே ஒரு பக்கத்தின் நகல், பெயர் மறைத்திருந்தாலும் அந்தக் கையெழுத்தும் பதினேழும் யாருக்குத் தெரியாது. போன வாரம்தான் அவன் ஒட்டினான். அறுபத்து நாலு பேரில் உன் நோட்டுதான் சுத்தமா இருக்கு, செண்பகவல்லி என்றான். இத்தனை மாதத்தில் அவன் அவளிடம் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது, அது ஒட்டியிருக்கிற சுவரைப் பார்த்தபடிதான் வாராவாரம் உட்கார வேண்டும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பன்னிரண்டு வாரம் முடியும், உறை பிரியும், பதினேழு என்ற வரியில் அவள் தின்னாததும் நாற்பத்து மூன்று என்ற வரியில் மெர்லின் தின்னாததும் ஏறி, கூட்டி, வகுத்து, பைண்டு பண்ணி, நூலகத்தில் போய் நிற்கும், எவளோ ஒருத்தி அதை எடுத்து வைத்துக் கருத்தரங்கில் நாற்பது நிமிஷம் பேசுவாள். சொன்னால் ஜனவரியில் அவன் கொடுக்க வேண்டிய அறிக்கையில் ஒரு கறை, இரண்டு பேர் கணக்கு குழப்பம், நெறியாளர் முன்னால் அவன் தலை குனிய வேண்டும். ஆராய்ச்சி நெறிமுறை வகுப்பில் ஒருவருக்குத் தெரியாமல் அவர் உடம்புக்குள் எதையும் செலுத்துவது குற்றம் என்று மேசையைத் தட்டிப் பேசியவளும் நான்தான். பேசினேன். திருகினேன். ஆனால் ஐந்து வாரமாக வாயை அடைத்தது இது எதுவும் இல்லை, அது அவளுக்கே தெரியும், அடைத்தது ரொம்பச் சின்ன விஷயம்: சொன்ன அந்த நொடியில் அவன் முதலில் யாரைப் பார்ப்பான். மெர்லினைப் பார்ப்பான். அய்யோ பாவம் என்று பார்ப்பான். அவனுடைய அந்தப் பார்வையை என் கையாலேயே எடுத்து அவளுக்குக் கொடுக்க வேண்டுமா. சொல்லாமல் இருந்தால் அந்தப் பார்வை அவளுக்குக் கிடைக்காது. இதற்காகவா ஐந்து வாரம், சீ, இதற்காகத்தான். இரண்டு பேர். மூக்கை அழுத்தித் துடைத்தாள், தோல் எரிந்தது. காய்ச்சல்கூட இருக்கலாம். காய்ச்சலில் உளறினேன் என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாமா. ஒன்று. முன்னால் இருந்தவள் எழுந்தாள், மேசை முன் உட்கார்ந்தாள், எழுந்து போயே போய்விட்டாள்.

மேசையில் டப்பாவை வைத்தாள். கிளாட்சன் மூடியைப் பார்த்துப் பதினேழு என்று பதிவேட்டில் விரலை ஓட்டினான், ஒன்பதாவது வாரம் என்றான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூக்கு ஒழுகல் என்ற கட்டத்தில் கேட்காமலே ஒரு கோடு போட்டான், காய்ச்சல் உண்டா என்று கேட்டான்.

“அது பதினேழு இல்ல,” என்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

“மூடிதான் பதினேழு. டப்பா நாப்பத்து மூணு. நான் மாத்திட்டேன். அஞ்சு வாரமாச்சு.”

அவன் ஸ்கேலைக் கீழே வைத்தான். வைத்துவிட்டு, அவள் நினைத்தபடியே, அவள் தோளுக்கு மேலாக மெர்லினைப் பார்த்தான். எப்படி இருக்கும் என்று ஐந்து வாரமாக ஒத்திகை பார்த்த வலி வந்தது, வந்து, ஒத்திகையைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. தெரியாமல் மாறிப்போயிருக்கும், ஒரே அறைதானே என்று அவன் சொன்னான், அவளுக்காக ஒரு கதவைத் திறந்துவைப்பது மாதிரி. தெரிந்துதான் மாற்றினேன் என்றாள். மெர்லினுடையதுதான் நிஜ மாத்திரை என்று எப்படி முடிவு செய்தாய் என்று கேட்டான், அவன் குரலில் கோபம் இல்லை, பரீட்சையில் வாய்மொழிக் கேள்வி கேட்கிற குரல். கடித்துப் பார்த்தேன், புளித்தது என்றாள்.

“உன்னோடதையும் கடிச்சுப் பாத்தியா?”

ஒன்றைச் சோதித்தால் ஒப்பிட இன்னொன்றும் வேண்டும், முதலாம் ஆண்டு முதல் பாடம், சின்ன வகுப்புப் பிள்ளைகள்கூட இரண்டு தொட்டியில் விதை போடுவார்கள், ஒன்றுக்குத் தண்ணீர் ஊற்றி ஒன்றை விட்டுவைப்பார்கள். அன்றைக்குத் தன்னுடைய டப்பா கைக்கெட்டும் தூரத்தில் மேசையில்தான் இருந்தது. அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவளிடம் இருப்பது நல்லது என்று தெரிந்த பிறகு என்னிடம் இருப்பதை எதற்குப் பார்ப்பது.

“இல்ல,” என்றாள்.

“இரி பிள்ளே,” என்றாள் பின்னாலிருந்து மெர்லின். எழுந்து வந்து தன் கையிலிருந்த டப்பாவை, உண்மையில் செண்பகவல்லியினுடையதை, திறந்து, கிளாட்சன் கையை நீட்டித் தடுப்பதற்குள் ஒரு மாத்திரையை வாயில் போட்டுக் கடித்தாள். ஒரு கண் சுருங்கியது.

“இதுவும் புளிக்கத்தான் செய்யி.”

இரண்டையும் புளிப்பாகத்தான் செய்யச் சொன்னேன் என்றான் கிளாட்சன் களைப்போடு, யாராவது கடித்துப் பார்ப்பார்கள் என்று நெறியாளர் முதலிலேயே சொன்னார், நான்தான் யார் கடிக்கப் போகிறார்கள் என்றேன். பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். மெர்லின் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காத முகத்தைச் செண்பகவல்லி இதுவரை பார்த்ததில்லை, அது வேறு ஒருத்தியின் முகம் மாதிரி, வயது கூடியதாக இருந்தது.

“நான் கையெழுத்துப் போட்டது அண்ணன் தாறதுக்கு,” என்றாள் மெர்லின். “நீ தாறதுக்கு இல்ல.”

மெர்லின் டப்பாவை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள், கையைக் கட்டிக்கொண்டு, இனி முதுகில் தட்டுகிற கை அது இல்லை.

கிளாட்சன் கட்டுக்குள்ளிருந்து ஒரு படிவத்தை உருவினான். நடைமுறை மீறல் நடந்தால் நிரப்புவது, மேலே எண்கள், தேதி, கீழே காரணம் என்று ஆறு கட்டங்கள், மறந்தது, தொலைத்தது, ஊருக்குப் போனது, வாந்தி, வேறு மருந்து, ஆறாவது மற்றவை. இரண்டு பேரையும் நீக்க முடியாது, யாருக்கு எது கொடுக்கப்பட்டதோ அந்த வரியிலேயேதான் இருவரும் இருப்பார்கள், இந்தத் தாள் கூடவே போகும், நெறியாளர் படிப்பார், நெறிமுறைக் குழு படிக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே எண்களை நிரப்பினான், பதினேழு, நாற்பத்து மூன்று, ஆறாவது கட்டத்தில் ஒரு டிக், பிறகு பேனாவை அவள் பக்கம் நீட்டினான்.

“காரணத்த நீயே எழுது. நான் எழுதினா நான் நினைக்கிறது ஆயிரும்.”

பெரிய இடம் விட்டிருந்தார்கள், நாலு கோடு. அறிவியல் ஆர்வம் என்று எழுதலாம், குழு அதை விரும்பும். மாத்திரையின் பயனில் எனக்கிருந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள என்று எழுதலாம், அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லாத மாதிரி எழுதிக்காட்ட அவளால் முடியும், நாற்பது நிமிஷம் அதை நின்று காப்பாற்றவும் முடியும். பேனா நுனி தாளில் பட்டு ஒரு புள்ளி ஊறியது. முதல் கோட்டில் பொறாமை என்று எழுதினாள், தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். மெர்லின் எட்டிப் பார்ப்பது தெரிந்தது, மறைக்கவில்லை.

கிளாட்சன் அந்த ஒரு வார்த்தையை ஒரு வார்த்தைக்கு ஆகிற நேரத்தைவிட அதிக நேரம் படித்தான். ஸ்கேலை எடுத்துத் தாளின் விளிம்போடு நேராக வைத்தான், மறுபடி எடுத்தான். பிறகு அவளைப் பார்க்காமல், குழு இதை ஏற்காது, யார் மேல், எதனால் என்று கொஞ்சம் விளக்கமாக எழுத வேண்டும், இன்னும் மூன்று கோடு இருக்கிறது என்றான்.

அவன் முன்னால், மெர்லின் முன்னால், வரிசை முழுக்கக் காத்திருக்க, செண்பகவல்லி ஒரு தும்மல் தும்மினாள், மூக்கைத் துடைத்தாள், பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு இரண்டாவது கோட்டில் எழுதத் தொடங்கினாள்.